நம் காம்பராவில் புகுந்த மூன்று திருடர்கள்

அன்பு மகன் கிஷாந்துக்கு, அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் துணையால் இங்கே நான் கைகால் சுகத்தோடு இருக்கிறேன், அங்கே கட்டார் வெயிலில் நீயும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே ஒரு வாரமாக விடாத மழை, எதிர் மலையே தெரியவில்லை, உடுப்புக் காயவில்லை, அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துகிறேன், எல்லாத்திலும் புகை மணம். முத்துலிங்கம் அண்ணனின் மகன் லீவு முடிந்து புதன்கிழமை திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில், என்னம்மா முடிவு, வத்தளைக்கு வாறீங்களா இல்லையா என்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விடுகிறது. இது நாலு வார்த்தையில் முடிகிற காரியம் இல்லை தம்பி.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. கீழே அடுத்த தேயிலைத் தோட்டத்தில் தனியாக இருந்த ஒரு மனுசியைக் கட்டிப்போட்டுக் காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று பேஸ்புக்கில் பார்த்ததிலிருந்து உனக்குத் தூக்கம் இல்லை. வினோதாவும் பிள்ளைகளும் இருக்கிற வத்தளையிலேயே எனக்கும் ஒரு அறை இருக்கிற மாதிரி பெரிய வீடாக எடுக்கப் பார்க்கிறாய், வீட்டுக்காரருக்கு மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறாய். மருமகள் தங்கமான பிள்ளை, அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த லயத்துக் காம்பராவின் சாவியை ஒருதரம் கொடுத்துவிட்டு மலை இறங்கினால் தோட்டம் வேறு குடும்பத்தைக் குடி வைத்துவிடும், பிறகு நான் திரும்பி வர நினைத்தாலும் வர ஒரு இடமில்லை. அதனால் நான் உனக்கு இதுவரை சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான், வரிசையாக ஒட்டிக் கிடக்கிற லயத்தில் தும்மினால் பத்து வீட்டுக்குக் கேட்கும், நான் ஒரு சத்தம் போட்டால் போதும், மொத்தப் பேரும் ஓடி வந்துவிடுவார்கள் என்றேன். அது மெய்யா பொய்யா என்று போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்துபோயிற்று, அதைத்தான் எழுதப் போகிறேன், சிரிக்காமல் படி.

உன் அம்மா நாடகத்தில் நடிக்கிறாள். மெய்யாகத்தான். மேல் லயத்து லோஜினி மட்டக்களப்பில் நாடகம் படித்துவிட்டு வந்திருக்கிறாள் அல்லவா, அடுத்த மாதம் ஹட்டனில் போடுவதற்கு ஒரு திகில் நாடகம் எழுதியிருக்கிறாள். நகைக்கடையில் கொள்ளையடித்த மூன்று பேர், கினிகத்தேனையில் பொலிஸ் ரோட்டை மறித்துவிட்டதால் மலைப்பக்கம் ஓடி வந்து ஒரு வீட்டுக்குள் புகுந்து, அங்கிருக்கிற தாயையும் மகளையும் மருமகனையும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், ரோடு திறக்கும் வரைக்கும் யாரும் மூச்சுக் காட்டக் கூடாது, அதுதான் கதை. தாய் வேசத்துக்கு ஆள் கிடைக்காமல் என்னிடம் வந்து நின்றாள். நீங்க தண்ணிப் பீலியில சண்டை போடுற சத்தம் பெக்டரி வரைக்கும் கேக்குது அத்தை, உங்களுக்கு மைக்கே தேவையில்ல என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா இல்லையா என்று யோசிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

அவள் முதலில் எழுதியது டவுனில் ஒரு மாடி வீடு. அந்த மாதிரி வீட்டில் ஒரு பொம்பிளை எப்படிப் பயப்படுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும், லயத்திலேயே வை என்று நான்தான் சொன்னேன். வைத்த பிறகுதான் வந்தது வினை. எனக்கு ஒவ்வொன்றாகக் கேள்வி கிளம்பிவிட்டது. விடிந்தால் மகள் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாவிட்டால் கங்காணி வந்து கேட்க மாட்டாரா, தண்ணிக்கு நான் வராவிட்டால் மற்றவள் என் குடத்தைத் தேட மாட்டாளா, திருடனுக்கு அவசரம் என்றால் வெளியேதானே போக வேண்டும், நாய் சும்மா இருக்குமா, எல்லாத்துக்கும் மேலே, நடுச்சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நிற்கிற இந்த லயத்தில் ஒரு குடும்பத்தைப் பிடித்து வைத்திருப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்டேன். லோஜினி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கழுத்துல கத்தி இருக்கும்போது யாரும் சத்தம் போட மாட்டாங்க அத்தை, நீங்க மட்டும் ஒரே ஒரு தடவை துணிஞ்சு கத்துறீங்க, அதோட திரை விழுகுது என்று சமாளித்தாள்.

கொமினிட்டி ஹோலில் கூரை ஒழுகுவதால் ஒத்திகையை நம் காம்பராவிலேயே வைத்தோம். முன்னாலேயே கதை தெரிந்துவிட்டால் ருசி போய்விடும் என்று லோஜினி ஒருவருக்கும் சொல்ல விடவில்லை, எல்லாரும் பின்பக்கத்துக் குறுக்கு வழியால் ஒவ்வொருவராக வந்தார்கள். திருடர் தலைவன் யார் தெரியுமா, ஆட்டோ ஓடுகிற திலக்ஷன், கோழி அறுக்கச் சொன்னாலே வீட்டை விட்டு ஓடுகிற பயல். கழுத்தில் அட்டைக் கத்தியை வைப்பதற்கு முன்னால் என் காலைத் தொட்டு, பெரியம்மா மன்னிச்சிருங்க என்றான். ஞாயிறு பின்னேரம், மழை கொஞ்சம் விட்டிருந்தது. நான் கத்தினேன் பார், ஐயோ கொல்றாங்களே, யாராச்சும் வாங்களேன், ஐயோ என்று அடிவயிற்றிலிருந்து வந்தது, திலக்ஷனே பயந்து கத்தியைக் கீழே போட்டுவிட்டான். லோஜினி கைதட்டினாள், இன்னும் இரண்டு தரம் செய்ய வைத்தாள், இரண்டு தரமும் அதே மாதிரிக் கத்தினேன். பிறகு எல்லாரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் மனதில் பட்டது, மூன்று தரம் கொலைக்கூப்பாடு போட்டிருக்கிறேன், ஒரு குஞ்சு குருமானும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

வெளியே வாசல் இஸ்தோப்பில் வந்து நின்று பார்த்தேன். எல்லா வீட்டிலும் புகை வருகிறது, டிவி ஓடுகிறது, ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி, மறைக்கவில்லை. உன்னிடம் அவ்வளவு வீறாப்பாகப் பேசினேனே என்ற வெட்கம் ஒரு பக்கம், நாளைக்கு மெய்யாகவே எவனாவது வந்தால் என் கதி இதுதானா என்ற பயம் ஒரு பக்கம். விடிந்ததும் பயம் போய், ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. உனக்குத்தான் என் குணம் தெரியுமே, ஒரு விசயம் புரியவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. இந்தப் பக்கத்து வீட்டுக் கணேசமூர்த்தியிடம் போனேன், தோட்டத்துக் காவலுக்கு வோச்சராக இருந்து ரிட்டயர் ஆன மனுசன், ராத்திரியில் இலை விழுந்தாலும் கேட்கும் என்று பெருமை பேசுகிறவர். கேட்டுச்சு அக்கா என்றார். கேட்டதா, பிறகு ஏன் வரவில்லை என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, மகன் வெளிநாட்டில இருந்து வந்திருக்கு போல, குடும்பத்துக்குள்ள ஏதோ தகராறு போலன்னு நெனச்சேன், நடுவுல பூந்து கேக்குறது மரியாதை இல்லையே என்றார். அடப்பாவி மனுசா, என் பிள்ளை என்னைக் கொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு மரியாதை பார்த்திருக்கிறார். அதற்கு அடுத்த வீட்டில் சீரியல் என்று நினைத்தார்களாம். அப்படியே ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு போனால் கடைசி வீட்டில், கணேசமூர்த்தி மாமா போவாருன்னு இருந்துட்டோம் என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஒவ்வொருவரும் மற்றவர் போவார் என்று இருந்திருக்கிறார்கள்.

மிச்சம் இருந்தது மற்றப் பக்கத்துப் பேச்சியம்மா வீடு மட்டும்தான். அவளுக்கும் எனக்கும் உன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பேச்சு வார்த்தை இல்லை என்பது உனக்குத் தெரியும், அவள் கோழிகள் என் லீக்ஸ் பாத்தியைக் கிளறிப் போட்டதில் வந்த சண்டை, என் பேரைச் சொல்லி, நாகலெட்சுமி வீட்டு வாசப்படிய இனி மிதிச்சா என் காலு வெளங்காம போகட்டும் என்று மாரியம்மன் முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினவள். அவளிடம் எப்படிப் போய்க் கேட்பது. ஆனால் திங்கட்கிழமை படுக்கையை உதறும்போது ஒரு அதிசயத்தைக் கண்டேன். மெத்தை மேலே சுண்ணாம்புத் துகளும் ஒட்டடையும் கொட்டிக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் நடுச்சுவரின் தலையில் இருந்த கரியெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி, பக்கத்தில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கை அடையாளம். மரநாய்க்கு ஏது இவ்வளவு நீள விரல், குரங்குக்கு ஏது இவ்வளவு பெரிய உள்ளங்கை.

நம் லயத்தில் பேச்சு முறிந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறதே, அதைத்தான் செய்தேன். பின்பக்கம் போய் பூனையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் கோழிக்குத் தீனி போடுகிற நேரமாகப் பார்த்து, கேட்டியா பூனை, ஒரு மனுசி உசிரு போற மாதிரி கத்துனாலும் பக்கத்துல உள்ளதுகளுக்குக் காது கேக்காது, செவுத்துல ஏறி வேடிக்கை பாக்க மட்டும் தெரியும் என்றேன். அந்தப் பக்கம் கோழியைக் கூப்பிடுகிற சத்தம் நின்றது. பிறகு வந்தது பார், ஏய் கோழி, கேட்டியா, நான் என்ன செவிடியா, மேசை மேல நாற்காலியப் போட்டு ஏறி, தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தியக் கையில எடுத்துக்கிட்டு, ஒரு காலத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாச்சு, குதிக்கப் போறப்ப பாத்தா கழுத்துல கத்தி வச்ச பய, பெரியம்மா வலிச்சுதான்னு கேட்டுக்கிட்டு இருக்கான், அப்பறம் எனக்கு எறங்க முடியல, முழங்கால் பிடிச்சுக்கிச்சு, கடைக்குப் போன மருமக வந்து எறக்குற வரைக்கும் அந்தக் கூத்து முழுக்க அங்கேயே கூரை இருட்டுல குந்திக்கிட்டுப் பாத்தேன் என்றாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, அடக்கிக்கொண்டு பூனையிடம், முன்னால வாசல்னு ஒன்னு இருக்கே, அது வழியா வந்தா என்னவாம் என்றேன். வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுதான் ஆத்தாகிட்ட சொன்னேன், செவுரு ஏறி வர மாட்டேன்னு சொல்லலையே என்றாள் கோழியிடம்.

இதை லோஜினியிடம் சொன்னதும் அந்தப் பிள்ளை எழும்பிக் குதித்தாள். நாடகத்தின் முடிவையே மாற்றிவிட்டாள், இப்போது திரை விழுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே ஏறி வருகிறாள். அந்த வேசத்துக்கும் பேச்சியம்மாவையே கேட்டிருக்கிறாள், அவளும் சம்மதித்துவிட்டாள், ஆனால் ஒரு நிபந்தனை, மேடையில் இருக்கிறது நாகலெட்சுமி வீடு என்றால் அதன் வாசல் வழியாகவும் வர மாட்டாளாம். பலகைச் சுவரைத் திலக்ஷன் பிடித்துக்கொள்கிறான், முழங்காலில் எண்ணெய் பூசிக்கொண்டு ஏறுகிறாள். ஒத்திகை இப்போது கொமினிட்டி ஹோலின் ஒழுகாத மூலையில்தான், ஒரே மேடையில் நிற்கிறோம், வசனம் பேசுகிறோம், முடிந்ததும் அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.

ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. நேற்றுப் பின்னேரம் அவள் கோழி அடைக்க வந்தபோது பூனையைக் கூப்பிட்டு, வந்தவனுங்க மூணு பேரும் மெய்யான திருடனுங்களா இருந்திருந்தா, முழங்கால் வீங்குன கிழவி ஒருத்தி குதிச்சு என்னத்தக் கிழிச்சிருப்பா என்று கேட்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபப்படவில்லை. கோழியெல்லாம் கூட்டுக்குள் போய்விட்டது, அவள் கூட்டைச் சாத்தினாள், பிறகு அந்தப் பக்கமிருந்து சொன்னாள், என்னத்தக் கிழிக்கிறது, உன்னோட சேத்து என்னையும் கட்டிப் போட்டிருப்பானுங்க, ஒத்தையாக் கெடக்குறதுக்கு ரெண்டு பேராக் கெடந்தா ஒரு பேச்சுத்தொணையாச்சும் இருக்குமில்ல என்றாள். இத்தனை வருசத்தில் அவள் கோழியை விட்டு நேராக என்னைப் பார்த்து உன் என்று சொன்னது அதுதான் முதல் தரம். நான் பூனையை இறக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

தம்பி, மொத்த லயமும் ஓடி வரும் என்று நான் சொன்னது பொய்தான், அதில் நீ சொன்னதுதான் சரி. ஒரே ஒருத்திதான் வந்தாள், அதுவும் என் முகத்தில் முழிக்காதவள், கட்டிப்போட்டால் கூடவே கிடக்கலாம் என்று வந்தாள். வத்தளையில் எனக்கு நல்ல அறை கிடைக்கும், கதவுக்கு இரண்டு பூட்டு இருக்கும், பேரப்பிள்ளைகள் மடியில் இருக்கும், அதை நினைத்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, பிள்ளைகளின் ஸ்கூல் லீவுக்கு வந்து ஒரு மாதம் நிற்கிறேன். ஆனால் குடி வர மாட்டேன். என் மேலே கோபப்படாதே, பயமும் படாதே. நீ வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே, தண்ணீர் நிறையக் குடி, வினோதாவிடம் தினமும் இரண்டு வார்த்தை பேசு, அவளுக்கும் தனிமைதான். அம்மன் உனக்குக் கண்ணும் கையும் போலக் கூடவே இருப்பாள், நீ சீரும் சிறப்புமாக இருந்து நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும். வீட்டுக்காரருக்கு மறக்காமல் சொல்லிவிடு, எனக்கென்று பெரிய வீடு வேண்டாம் என்று.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா நாகலெட்சுமி