ஹெஸ்ஸும் வட்டிலப்பமும்

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் தர்க்கப்பட்டோமே, அதைத்தான் எழுதுகிறேன். ஹிட்லரின் துணைத் தலைவர் ஹெஸ், போர் நடுவே ஸ்கொட்லாந்துக்குத் தனியே விமானம் ஓட்டிப் போனார். அது தலைவருக்குத் தெரிந்தேதான் நடந்ததா என்பது இன்றுவரை துலங்கவில்லை. “ஹிட்லருக்குத் தெரியா” என்றீர்கள். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்திருப்பார் என்கிறேன் நான்.

நேற்று உம்மா கல்முனையில் கித்துள் கருப்பட்டி வாங்கிவந்து அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தார்.

“என்னத்துக்கு உம்மா?”

“பெருநாளைக்கு வட்டிலப்பம் அவிக்கத்தான் மகள்.”

பெருநாளுக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறது. பெருநாள் இல்லாத நாளில் உம்மா அந்த இனிப்பை அவிப்பது மருமகன் வந்தால் மட்டும்தான். நானும் நம்பியதுபோல் தலையாட்டிவைத்தேன். உம்மாவின் விசுவாசம் உங்கள் பக்கம், இருக்கட்டும்.

இதை நீங்கள் வேலை பார்க்கும் கத்தாருக்கு அனுப்பவில்லை. உங்கள் தலையணைக்கு அடியில் வைக்கிறேன்; சொல்லாமல் வந்து படுக்கும்போது கையில் படும். வாசலில் உங்களைக் கண்டு நான் திடுக்கிட்டது நம்பும்படி இருந்ததா?

உங்கள் வீட்டுக்காரி