தண்ணீர் குடிக்கும் படகு

1930 மே 6, ஃபெலிக்ஸ்டோ
இறக்கையைக் கழற்றி, எஞ்சினைப் பிடுங்கி, நீரில் இறங்கும் விமானமான என் பழைய பறக்கும் படகை வெறும் மரக்கூடாக ஏலம் விட்டார்கள். விமானப்படைக்கு இனி அலுமினியப் படகுகள்தான் வேண்டுமாம். ஏலம் கேட்க வந்தவன் நான் ஒருவன்தான்; எனக்கே கிடைத்தது. டெபன் ஆற்றோரம் கட்டிப்போட்டு மனைவி ஹெஸ்டரும் நானும் அதிலேயே குடியிருக்கலாம். நான் படையிலிருந்து ஓய்வு பெற்றதும் குடியிருப்பு போய்விட்டது. அவள் இப்ஸ்விச்சில் தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள்.

மே 18
ஹெஸ்டரிடம் சொன்னேன். "அதுல நீங்க சிங்கப்பூர் வரைக்கும் சுத்துனப்ப நான் இங்க ஒத்தையில கெடந்தேன். அந்தச் சக்களத்தி வயித்துக்குள்ளயே குடித்தனம் பண்ணச் சொல்றீங்களா?" நல்லவேளை, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். வந்து பார்ப்பாளாம். பிடிக்காவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதாம்.

ஜூன் 3
முகப்பில் நான் நிற்கும் வட்டத் துளையின் விளிம்புக்கு வர்ணம் அடித்தேன். கொழும்பில் இறங்கியபோது அதில் நின்றுதான் கொக்கிக்கழியால் படகைக் கட்டும் மிதவையைப் பிடித்தேன். தவறவிட்டால் நாள் முழுக்கக் கேலி செய்வார்கள். உள்ளே பிரைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பில் பன்றி இறைச்சி வறுபடும். அந்த வாசனைக்காகவே இன்னொரு முறை போகலாம்.

ஜூன் 12
மழை. வேலை நடக்கவில்லை.

ஜூன் 20
என்னோடு படையில் இருந்த பெட்டிட் வந்தான். "டேய் வால்டர், கரையில ஏத்துடா. மரம் தண்ணி குடிக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா?"
தெரியும். பறந்து வந்ததும் கரையேற்றிக் காயவைத்தவர்களே நாங்கள்தான். ஆனால் மண்ணில் கிடந்தால் அது படகா? மிதக்கட்டும்.

ஜூன் 29
மானம் போயிற்று. ஹெஸ்டர் வந்து கால் வைத்தாள் - உள்ளே கணுக்கால் வரை தண்ணீர். அவள் தைத்துக் கொடுத்த மெத்தை ஊறிக் கிடந்தது. கத்தவில்லை. அதான் பயமா இருக்கு. "மிதக்கணும்கிறது உங்க ஆசை. நான் கேட்டது வீடு," என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டாள். எல்லாம் தெரிஞ்சும் ஏன்டா வால்டர் இப்படிப் பண்ணினே?

ஜூலை 2
எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 12
ஆற்றில் நீர் ஏறிய நேரம் பார்த்து, பெட்டிட்டும் நானும் இரண்டு குதிரைகளைப் பூட்டிப் படகைப் புல்மேட்டில் இழுத்து ஏற்றினோம். அழுதுவிட்டேன். பெட்டிட் திரும்பி நின்று புகைக்குழாய் பற்றவைத்தான்.

ஆகஸ்ட் 17
ஹெஸ்டர் வந்தாள். தரை முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஜன்னல்களுக்குத் திரை அளவெடுத்துக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 24
ஹெஸ்டர் குடிவந்து இரண்டு வாரம். மத்தியானச் சாப்பாட்டின்போது கடல் பெருக்கில் ஆறு என்றுமில்லாத உயரத்துக்கு ஏறியது. படகு மெல்ல எழும்பியது. மேஜையில் கோப்பை நகர்ந்தது. ஹெஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"என்னங்க, கெளம்பிடுச்சா?"
"கொஞ்சம் மிதக்குது, அவ்வளவுதான். தண்ணி வடிஞ்சதும் உக்காந்துடும். இரு, கயித்தை இறுக்கிட்டு வரேன்."
அவள் கையை விடவில்லை.
"அப்புறம் இறுக்கிக்கலாம். உக்காருங்க."