ஆறு மணிக் கோடு

என் மகளுக்கு,

நீ வாங்கித் தந்த பாட்டிலில், எத்தனை மணிக்குள் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கோடு போட்டிருக்கிறது. தினமும் காலி பாட்டிலை வீடியோ காலில் காட்டினேன். "சூப்பர்மா!" என்றாய். குடிக்கவில்லை, சிங்க்கில் கொட்டிவிட்டுத்தான் காட்டினேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் எழுதுகிறேன்.

இங்கே மலேசியப் பக்கம், கெலாங் பாத்தாவில் விடியற்காலை ஃபேக்டரி பஸ் ஏறினால், சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் எவ்வளவு நேரம் ஜாமில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் டாய்லெட் கிடையாது, நடுப்பாலத்தில் இறங்கவும் முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பக்கத்து சீட் பேட்ரிசியா அக்கா சொன்னார்: "பாலம் தாண்டுற வரைக்கும் தண்ணிய தொடாத லா."

சிறுநீரகத்தில் மறுபடியும் கல் என்றார் டாக்டர். பயந்துபோய், திங்கட்கிழமை உன் பேச்சைக் கேட்டு ஆறு மணிக் கோடு வரை குடித்துவிட்டு ஏறினேன். பஸ் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. கடைசியில் அக்கா தன் சால்வையை எடுத்து என் மடியில் போர்த்தினார். அதற்கு மேல் கேட்காதே.

இன்று ஞாயிறு, பஸ் இல்லை. டாய்லெட் பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. காலையிலிருந்து பாட்டிலைத் திறக்கிறேன். ஒரு வாய் குடித்ததும் கை தானாக மூடிவிடுகிறது.

அம்மா