கண்ணாடி கொண்டுவராத அப்பாவுக்கு

அப்பா,

இன்று காலை அம்மா ஒரு எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். குற்றாலத்துக் கடைகளில் விற்கும் அதே மூலிகை எண்ணெய். மூடியைத் திறக்கும் முன்பே அந்த வாசம் வந்துவிட்டது. சீசன் நன்றாக இருக்கிறதாம், உங்கள் பேத்தி தர்ஷினியை நாலு நாள் கூட்டிப்போய் அருவியில் நிறுத்த வேண்டுமாம். "தலைச்சூடு எறங்கட்டும்ட்டி, எழுத்து தன்னால ஏறும்" என்றாள். அது உங்கள் பேச்சு. நீங்கள் இறந்துபோய் மூன்று வருடமாகிறது, அந்தப் பேச்சு மட்டும் இன்னும் இந்த வீட்டிலேயே குடியிருக்கிறது.

இதை நான் கையால் எழுதவில்லை. போனிடம் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்கிறது. நானே எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும், அதற்குள் கோபம் ஆறிவிடும். ஆறக்கூடாது என்றுதான் அவசரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு எழுத்து நிற்காது. ஒரு சொல்லைக் கஷ்டப்பட்டுப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனால், பிடித்த சொல் கைநழுவியிருக்கும். ஆனால் யாராவது ஒருமுறை பாடத்தை வாசித்துக் காட்டினால் போதும், முழுவதையும் ஒப்பித்துவிடுவேன். அதனாலேயே எனக்கு எழுத்து வராது என்று யாரும் நம்பவில்லை. வேண்டுமென்றே செய்கிறேன், திமிர் என்றார்கள்.

ஆறாம் வகுப்பில் தமிழ் டீச்சர் உங்களை வரச்சொன்னார். புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றிக் கொல்லத்துக்குப் போகிற லாரியை அப்படியே பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு வந்தீர்கள். எனக்கு உங்களைப் பார்த்ததும் அவ்வளவு தைரியம். இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுகிறவர், டீச்சரிடம் எனக்காக இரண்டு வார்த்தை பேசமாட்டாரா என்று நினைத்தேன். டீச்சர் புத்தகத்தை உங்கள் கையில் கொடுத்து, எவ்வளவு லேசான பாடம், நீங்களே வாசித்துப் பாருங்கள் என்றார். வாங்கினீர்கள். பார்த்தீர்கள். "கண்ணாடி கொண்டாரல டீச்சர்" என்றீர்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க என் கன்னத்தில் அறைந்தீர்கள். பிறகு அதே லாரியில் என்னை ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்டீர்கள்.

அந்த சீசனில் தொடங்கியது அருவி. புத்தி பேதலித்தவர்களை அருவியில் நிறுத்தினால் தெளியும் என்று எங்கிருந்தெல்லாமோ கூட்டிவருவார்கள் அல்லவா, அந்த வரிசையில் என்னையும் சேர்த்தீர்கள். லாரி ஓட்டம் இல்லாத நாளெல்லாம் விடிந்ததும் உச்சியில் எண்ணெயை வைத்துத் தேய்த்து, மெயின் அருவியில் பெண்கள் பக்கம் அனுப்புவீர்கள். மண்டையில் கல் விழுகிற மாதிரித் தண்ணீர் விழும். மூச்சு முட்டி வெளியே வந்தால், நீங்கள் தூரத்தில் நின்று, இன்னும் நில்லு என்று கையைக் காட்டுவீர்கள்.

ஒருநாள் எனக்குப் பக்கத்தில் ஒரு அக்கா நின்றாள். அவள் கையைத் துண்டால் தன் கையோடு கட்டி அவள் அம்மா பிடித்திருந்தாள். அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒனக்கு என்னத்துக்குட்டி?" என்று கேட்டாள். எழுத்து வரவில்லை என்றேன். அவள் சிரித்தாள் பாருங்கள், தண்ணீர் வாய்க்குள் போய்ப் புரையேறுகிற வரைக்கும் சிரித்தாள். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் புத்தி தெளிவாக இருந்திருக்கிறது.

நான் அங்கே நிற்பதை வகுப்பில் எவளோ பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கு அருவிக்காரி என்று பெயர். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இப்போது சீசனுக்குக் குற்றாலத்தில் மங்குஸ்தான், ரம்புட்டான் பழம் விற்கிறேன். அருவிச் சத்தம் கடை வரைக்கும் கேட்கும். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள்கூட அதில் நான் தலையைக் கொடுத்ததில்லை.

போன மாதம் தர்ஷினியின் டீச்சர் சொல்லித்தான் திருநெல்வேலியில் டாக்டரிடம் போனோம். அவர் அவளோடு ரொம்ப நேரம் விளையாடுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்துவிட்டு, டிஸ்லெக்சியா, எழுத்து மட்டும் பிடிபடாமல் நழுவுகிற கோளாறு என்றார். அறிவுக்குக் குறைச்சல் இல்லை, சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்றார். இது குடும்பத்தில் வரும், வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். என்னிலிருந்து தொடங்கியது என்றே நினைத்திருந்தேன்.

இன்று காலை வரைக்கும் அப்படித்தான். எண்ணெயைப் பார்த்ததும் நான் போட்ட கூச்சலில் அம்மா மிரண்டுபோய்ச் சொல்லிவிட்டாள். "ஒங்கப்பாவையும் சின்னதுல இப்படித்தான் அருவிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காவ. அவியளுக்கும் படிக்க வராதுல்லா."

 ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். பிள்ளைக்குத் தெரிந்தால் மதிக்காது என்று சத்தியம் வாங்கியிருந்தீர்களாம்.

அப்பா, நீங்கள் வாழ்நாளில் கண்ணாடியே போட்டதில்லை. தினமும் காலையில் அம்மா பேப்பரைச் சத்தமாக வாசிக்க, நீங்கள் காப்பி குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதை அன்யோன்யம் என்று நினைத்து, என் புருஷனிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் தெரியாமல் செய்தீர்கள் என்றுதான் இத்தனை வருடம் மனதைத் தேற்றி வைத்திருந்தேன். லாரி ஓட்டுகிற மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று உங்களுக்காக வக்காலத்து வாங்கியிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எழுத்து எப்படி நழுவும் என்று தெரியும். அந்தத் தண்ணீர் ஒன்றுக்கும் உதவாது என்று உங்கள் சொந்தத் தலையிலேயே பார்த்திருக்கிறீர்கள். அப்புறமும் என்னை நிறுத்தினீர்கள். டீச்சர் முன்னால் உங்களுக்கு வந்த அவமானத்தை என் கன்னத்தில் இறக்கினீர்கள். அந்த அறையைக்கூடத் தாங்கியிருப்பேன், வீட்டுக்கு வரும் வழியில் லாரியில் வைத்து, எனக்கும் வராதுட்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். உலகத்தில் நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தேன் அப்பா. நீங்கள் பக்கத்து சீட்டிலேயே இருந்தீர்கள்.

மத்தியானம் தர்ஷினிக்குச் சோறு போடும்போது சொல்லிவிட்டேன். உனக்கு மட்டும் இல்லை, எனக்கும் இப்படித்தான், தாத்தாவுக்கும் இப்படித்தான் என்று. அவளுக்கு முகம் மலர்ந்தது. தாத்தாவுக்குமா என்று இரண்டு முறை கேட்டாள். தாத்தா யாரிடமும் சொல்லவில்லையா என்றாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். வெட்கம் என்றேன்.

ஒரு வாய்ச் சோற்றைப் பிசைந்து விழுங்கினாள். பிறகு, "தாத்தா பாவம்லாம்மா" என்றாள்.

எட்டு வயதுப் பிள்ளை, ஒரு வாய்ச் சோற்றுக்குள் உங்களை மன்னித்துவிட்டாள். பாவம் என்று எனக்கும் தெரிகிறது அப்பா. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவளுக்குத் தயிர் எடுத்துவரப் போகிறவளைப் போல எழுந்து அடுக்களைக்குள் போய், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.