களத்துத் தூணில் நீ வைத்த வளையம்

நீ வைத்த வளையத்தை நேற்று அறுத்து இறக்கிவிட்டேன். வெல்டிங் புகை நாற்றம் இன்னும் கிடங்கு வாசலை விட்டுப் போகவில்லை. மல்லாட்டை மூட்டைகளின் வேர்க்கடலை வாசனையையே அது அமுக்கிவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும், பக்கத்துப் பட்டறையில் நீ வேலையை ஆரம்பித்துவிட்டாய் என்று ஒரு நொடி நினைத்தேன். அங்கே இப்போது ஒருத்தர் தண்ணீர்க் கேன் அடுக்கி வைத்திருக்கிறார்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வரப்போகிறது. வளையத்தில் கைவைத்ததற்கு உன்னிடம் காரணம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டான் என்றுதான் நினைப்பாய்.

என் பெண் யாழினிக்குப் பந்து விழவில்லை. அதுதான் விஷயம். விழுப்புரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். நீ கடைசியாக அவள் ஆட்டத்தைப் பார்த்தபோது, தூரத்திலிருந்து எறிய வேண்டும் என்றால் மற்ற பெண்கள் அவள் கையில்தான் பந்தைக் கொடுப்பார்கள். இந்த வருடம் கல்லூரி திறந்ததிலிருந்து அவள் போடுவதெல்லாம் வளையத்தின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பி வருகிறது. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு அடுத்த மாதம். பழைய கை திரும்பாவிட்டால் பெயரை அனுப்ப மாட்டேன் என்று கோச் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. சரக்கு தானாகக் கெட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்பியதில்லை. அனந்தபுரம் பக்கம் சைக்கிளில் போய் ஒவ்வொரு மூட்டையாக வாங்க ஆரம்பித்த காலத்தில், மேலே காய்ந்த காயும் அடியில் ஈரக் காயும் மண்ணுமாக ஒருவர் என் தலையில் கட்டினார். அன்று முதல் மூட்டையின் அடிவரை கைவிட்டுப் பார்க்காமல் விலை சொன்னதில்லை. உனக்கு அது ஒரு வேடிக்கை. என் மனைவி நமக்குச் சாப்பாடு வைக்கும்போது அவளிடமே சொல்வாய்: "தங்கச்சி, பாத்துக்கோ. சோத்துலகூட அடியில கைய வுட்டுப் பாத்துட்டுதான் துன்னுவான் இவன்."

உன் தங்கச்சி இந்த முறை கண்ணேறு என்றாள். திருவக்கரைக் காளி கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து யாழினியின் பையில் போட்டாள். எனக்குக் கண்ணேற்றின் மேல் சந்தேகம் வரவில்லை. மனுஷர்கள் மேல்தான் வந்தது. முதலில் அவள் கைப்பேசி மேல். ராத்திரி யாரோடோ பேசிக்கொண்டே இருக்கிறாள், கேட்டால் "ஃப்ரெண்டுப்பா" என்கிறாள். அப்புறம் கோச் மேல். அப்புறம் நஸ்ரின் என்கிற பெண் மேல். கோட்டக்குப்பத்துப் பெண், அதே அணி. யாழினியின் இடம் காலியானால் அடுத்து அவளுக்குத்தான்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் விழுப்புரம் போய்க் கல்லூரி மைதானத்துக் கம்பிவேலிக்கு வெளியே நின்றேன். யாழினி என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாப்பா, நீ இங்க?"

"எண்ணெ மில்லுல ஒரு வேலை."

"மில்லு பஸ் ஸ்டாண்டுக்கு அந்தாண்ட கீது."

பக்கத்தில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்ற பெண் சிரித்தாள். "அங்கிள், வேலிக்கு வெளிய நின்னா சரியா தெரியாது. உள்ள வந்து துப்பு துலக்குங்க."

அதுதான் நஸ்ரின். யாழினி பந்து எறிவதை அவள் படம் பிடிக்கிறாள். ராத்திரி இரண்டு பேரும் அதைப் போட்டுப் பார்த்து, முழங்கை எங்கே இருக்கிறது, கால் எப்படி எழும்புகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். கைப்பேசி விஷயம் அத்தோடு தீர்ந்தது. ஆனால் போட்டிக்காரி எதற்கு உதவ வேண்டும்? பஸ்ஸில் திண்டிவனம் வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்துவிடு, மாமா வைத்த வளையத்தில் எறிந்து பழகு என்று அவளுக்கு உத்தரவு போட்டேன். வந்தாள். இங்கேதான் அதிசயம். நம் களத்தில் விழுகிறது! சத்தமே இல்லாமல் உள்ளே போகிறது. திங்கட்கிழமை விழுப்புரத்தில் மறுபடியும் முன் விளிம்பு. வந்து பழகப் பழக அங்கே இன்னும் மோசமாகிக்கொண்டே போனது.

ஒரே மூட்டை இங்கே சரியாக நின்று அங்கே குறைந்தால் ஒரு வியாபாரி என்ன நினைப்பான்? அங்கே தராசில் கோளாறு என்றுதான். டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் கல்லூரிக்குப் போனேன். வளையத்தை அளக்க வேண்டும் என்று கோச்சிடம் கேட்டேன். இளைஞர். கோபத்தை அடக்கிக்கொண்டு ஏணியை அவரே கொண்டுவந்து போட்டார்.

"அளந்துக்குங்க சார். பத்தடிக்கு ஒரு நூல் கொறைஞ்சா நான் வேலைய வுட்டுட்டுப் போயிடறேன்."

குறையவில்லை. பெண்கள் எல்லாரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாழினி தலையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அங்கே தராசு சரி என்றால் இங்கே தவறு. இங்கே என்றால் நீ. மன்னித்துக்கொள், அப்படித்தான் என் புத்தி ஓடியது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறி உன் வளையத்திலிருந்து தரைவரை டேப்பை விட்டேன். நாலு அங்குலம் குறைந்தது.

அளவில் ஏமாற்றினாயா? பிள்ளை விளையாடுகிற சாமானில்கூடவா? கீழே இறங்கி, இல்லாத உன்னை வாய்விட்டே திட்டினேன். ஆனால் திட்டத் திட்ட அந்தப் பகல் முழுசாக நினைவுக்கு வந்துவிட்டது. யாழினி ஒன்பதாவது படித்தாள். நீ ஏணி மேல் நின்றாய், டேப்பின் அடிமுனையை நான் பிடித்திருந்தேன். போல்ட்டுப் போட்டு முடுக்கு, வேண்டாதபோது கழற்றிக்கொள்ளலாம் என்றேன். "போல்ட்டு போட்டா நாளைக்கே கழட்டி வித்துடுவ நீ. இரு, ஒன்னால அசைக்கவே முடியாத மாதிரி பண்றேன்" என்று களத்து இரும்புத் தூணோடு சேர்த்து வெல்டிங் வைத்தாய். நீ சாப்பிடப் போனதும் நான் தனியாக ஏறி ஒரு தரம் அளந்தேன். சந்தேகம்தான். பத்தடி அப்படியே இருந்தது. திரும்பி வந்தவன் ஏணி இடம் மாறியிருந்ததைப் பார்த்துவிட்டு, "கணக்கு சரியா மொதலாளி?" என்று மட்டும் கேட்டாய்.

அன்றைக்குச் சரியாக இருந்தது இன்றைக்கு எப்படிக் குறையும்? வெல்டிங் இறங்கிவிட்டதா? தூண் மண்ணில் புதைந்ததா? நான் தூணைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது யாழினி பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாப்பா, மாமாவப் போட்டு இந்தத் திட்டு திட்டற?"

"நாலு அங்குலம் கம்மியா வெச்சிருக்காம்மா. பாரு, நீயே பாரு."

அவள் மேலே பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். செருப்பு நுனியால் தரையைத் தட்டினாள்.

"அப்பா, இந்தத் தரைய ஒசத்துனது யாரு?"

நான்தான். நீ போன அந்த அடைமழையில் களத்தில் தண்ணீர் நின்று மூட்டையெல்லாம் ஓதம் ஏறியது. வெயில் வந்ததும் முதல் வேலையாகக் கான்கிரீட் போட்டு உயர்த்தினேன். தண்ணீரை நினைத்தேன், மல்லாட்டையை நினைத்தேன், வளையம் நினைவுக்கே வரவில்லை. அவள் விடுமுறைக்கு வந்தது அதற்கு அப்புறம். லீவு முழுக்கத் தாழ்ந்த வளையத்தில் எறிந்து கையை அதற்குப் பழக்கிக்கொண்டு போயிருக்கிறாள். போதாததற்கு வாராவாரம் நான் வேறு கூப்பிட்டு வைத்துப் பழக்கினேன்.

அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "நா இன்னான்னமோ நெனச்சிக்கினு இருந்தேன்பா. எனக்கு ஆட்டமே போயிடுச்சினு நெனச்சேன். அழுதுகினு இருந்தேன் ஹாஸ்டல்ல." பந்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தரையை உடைக்க முடியாது. வளையத்தைத்தான் உயர்த்த வேண்டும். நேற்று வந்த வெல்டர், உன் பற்றவைப்பை அறுக்கவே பாதிப் பகலை எடுத்துக்கொண்டு, "யாருங்க இத வெச்சது? யானைய கட்டறதுக்கா?" என்று அலுத்துக்கொண்டார். பழையதைத் தூக்கிப் போட்டுப் புதுசு செய்துவிடலாம் என்றார். வேண்டாம், இதையே மேலே ஏற்று என்றேன். அவர் கிளம்பியதும் ஏறி அளந்தேன். பத்தடி. என்னுடைய அந்தப் பழக்கம் இனி மாறாது.

சாயங்காலம் யாழினி எறிந்தாள். முன் விளிம்பு. மறுபடியும் முன் விளிம்பு. தராசைச் சரி செய்துவிட்டால் உடனே எடை நிற்கும் என்று நினைத்திருந்தேன். "கை மறக்கணும்பா, அதுக்கு நாளாகும்" என்றாள். இருட்டுவதற்குள் சிலது விழுந்தது. அவள் முகத்தில் பயம் இல்லை, சலிப்புதான் இருந்தது. சலிப்போடு எறிந்துகொண்டே இருந்தாள். தேர்வுக்குள் அந்தக் கை வந்துவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ உயிரோடு இருந்தபோது உன்மேல் எத்தனையோ முறை சந்தேகப்பட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நீ பட்டறையிலிருந்து முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து, தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டு, என் காசில் டீ குடித்துவிட்டுப் போவாய். மற்றவர்கள் யாரும் கத்தினதில்லை, ஒதுங்கிப் போனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைத் திட்டிவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பதில் வராத அந்தக் கொஞ்ச நேரம் என்னோடுதான் இருக்கிறது. இப்போதெல்லாம் யார்மேலாவது சந்தேகம் வந்தால் அது முதலில் வந்து நிற்கிறது. சந்தேகம் போய்விடவில்லை. கொஞ்சம் தாமதமாக வருகிறது.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது யாழினி பேரம் பேசினாள். நஸ்ரினும் வாராவாரம் இங்கே வந்து சேர்ந்து பழகுவாள் என்றாள். அவள் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். உன் தங்கச்சி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். முடிவாகியிருப்பது இதுதான்: தேர்வு நடக்கும்வரை ஞாயிறு காலை பத்து மணிவரை களம் அந்த இரண்டு பெண்களுக்கு. மல்லாட்டை அதற்கு மேல்தான் காயும். வளையத்துக்குக் கீழே நின்று பந்து பொறுக்கிப் போடுவது நான், கூலி கிடையாது. விழவில்லை என்றால் ஏன் என்று நான் கேட்கக் கூடாது. விழுந்தாலும் கேட்கக் கூடாது.