பெண் பார்க்க வந்தவர்களின் நாடி

3-9-1961, ஞாயிறு

வந்திருந்தவர்கள்: மாப்பிள்ளை கணேசமூர்த்தி, உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். அவருடைய அப்பா சிவசாமி, அம்மா நாகலெட்சுமி, தாய்மாமன் மாயாண்டி, தரகர் அழகுமுத்து. எங்கள் பக்கம் இவர், நான், மகள் பூரணி. சுவரில் முருகன். ஆக ஒன்பது பேர். கேசரி எட்டுப் பேருக்குத்தான். முருகனுக்கு முன்பே படைத்துவிட்டேன்.

பாடச் சொல்வார்கள் என்று ஒரு வாரமாகப் பூரணிக்குத் தேவாரம் திருத்திக்கொண்டிருந்தேன். நாகலெட்சுமி அம்மாள் பாட்டு வேண்டாம் என்றுவிட்டார். "நர்சுக்குப் படிச்ச புள்ளைதானே. எங்க கைய புடிச்சுப் பாக்கட்டும்" என்று வளையலை மேலே தள்ளிக்கொண்டு கையை நீட்டினார்.

பூரணி கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணினாள். நன்றாக இருக்கிறது என்றாள். ஒரு வியாதிகூட இல்லையா என்று அம்மாளின் முகம் வாடிவிட்டது. அடுத்து சிவசாமி ஐயா. நெஞ்சு படபடப்பு, ஒரு ஊசி போட்டால் தேவலை என்றார். ஊசி வேண்டாம், உப்பைக் குறையுங்கள் என்றாள். உப்பைக் குறைக்கச் சொல்வதற்கா மூன்று வருடம் கண்டியில் படிக்க வைத்தீர்கள் என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கடைசியில் மாயாண்டி சப்பாத்தைக் கழற்றினார். கால் பெருவிரலில் புண். மேலே பச்சிலைப் பற்று. பூரணி சவுக்காரம் போட்டுக் கை கழுவினாள், பற்றை எடுத்துப் பார்த்தாள், "மாமா, நாளைக்கே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றாள். பிறகு எல்லார் முன்னாலும், வாசல் வாளியில், மறுபடியும் கை கழுவினாள். முழங்கை வரைக்கும்.

அதற்குப் பிறகு யாரும் கேசரியைத் தொடவில்லை.

4-9-61

மழை. கேசரி மிச்சம். நாங்களே தின்றோம்.

6-9-61

அழகுமுத்து வந்தார். மாப்பிள்ளை வீட்டில் ஒரே கொதிப்பாம். "எங்க அண்ணனைத் தொட்ட கையை முழங்கை வரைக்கும் கழுவுறா. நாங்க என்ன தீட்டா?" என்று அம்மாள் கேட்டாராம். புண் பார்த்த கை என்று நான் சொன்னேன். புண்ணும் அவங்க வீட்டுப் புண்தானேம்மா என்கிறார் தரகர்.

பூரணியைக் கேட்டேன். "படிப்புல மொத மொத கத்துக் குடுத்ததே அதுதாம்மா" என்றாள். கழுவட்டும், வேண்டாம் என்றா சொன்னேன்? பின்னால் குசினிப் பக்கம் போய்க் கழுவியிருக்கக் கூடாதா? இதை ஏன் அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை?

10-9-61, ஞாயிறு

நேற்றுத் தபாலில் கண்டி மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். பூரணிக்கு வேலை. அடுத்த மாதம் இரண்டாம் திகதி வந்து சேர வேண்டும், வராவிட்டால் இடம் வேறொருத்திக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். முருகா, கல்யாணம் கூடி வராத நேரத்திலா வேலையைத் தருவாய்?

நர்சு என்றால் என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று இந்தத் தோட்டத்தில் எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். நடு லயத்து வரிசை வீட்டு லெட்சுமி தன் பசு கன்று போடத் திணறுகிறது என்று இவளைக் கூட்டிப் போனாள். துரையின் பங்களாவிலிருந்து துரைசாணி ஆள் அனுப்பி, நாய்க்குக் காது பார்க்கத் தெரியுமா என்று கேட்டார். மூன்று வருடத்தில் நாய்க்கு ஒரு பாடமும் இல்லையாம். பங்களாவில் பெரிய ஏமாற்றம். மீனம்மா வந்து, ஆண் பிள்ளை பிறக்க ஒரு மாத்திரை இருக்கிறதாமே, அதைக் கொடு என்றாள். பூரணி இல்லை என்றதும், "அப்ப மத்ததெல்லாம் என்னத்தப் படிச்ச?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

16-9-61

மாயாண்டியை நுவரெலியாவில் சேர்த்திருக்கிறார்களாம். சர்க்கரை வியாதி. விரலை எடுத்துவிட்டார்கள். பாவம். காலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று விளக்கேற்றினேன். அன்றே சொன்னேனே என்று பூரணி சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

19-9-61

அழகுமுத்து மறுபடியும் வந்தார், வெற்றிலைச் சிரிப்போடு. மாப்பிள்ளை வீட்டார் மனம் இறங்கிவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரே ஒவ்வொரு நோயாளியையும் தொட்டுத் தொட்டுக் கை கழுவினாராம், அவரோ நல்ல குடும்பத்துப் பிள்ளையாம். இப்போது பூரணி கழுவியது போதாது என்கிறார் மாயாண்டி.

புரட்டாசி போகட்டும், ஐப்பசியில் கல்யாணம். ஆனால் சில விஷயங்கள். பெண் வேலைக்குப் போகலாம், சம்பளம் மாமியார் கையில். பெண்கள் வார்டு மட்டும். இரவு வேலை கூடாது. விடியற்காலையில் மாமனாருக்குக் கால் பிடித்துவிட்டு, மாயாண்டி மாமாவுக்குக் கட்டு மாற்றிவிட்டு, சமையல் முடித்துவிட்டுப் புறப்படலாம்.

எனக்குச் சந்தோஷம். இரண்டு தேங்காய் உடைக்க நேர்ந்துகொண்டேன்.

20-9-61

பூரணி மாட்டேன் என்கிறாள்.

"அம்மா, அவங்க கேக்கறதுல ஒரு நர்சு இருக்கா, ஒரு மருமக இருக்கா, ஒரு வேலைக்காரி இருக்கா. மூணு பேரும் எப்பம்மா தூங்குவாளுங்க?"

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டேன். இவரிடம் போனால், "அவ இஷ்டம்" என்று காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார். இவருக்கென்ன? நாளைக்கு ஊரு என்னையத்தானே கேக்கும், பொண்ண எப்படி வளத்தேன்னு. ஏன் முருகா, நான் கேட்டது நல்ல இடம் ஒண்ணுதானே, அதுல இம்புட்டுக் கொக்கி எதுக்கு—

எழுத்து எனக்கே விளங்கவில்லை. போதும்.

22-9-61

அவள் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுக் காய வைத்திருக்கிறாள். மழை வந்தது. ஓடிப்போய் நான்தான் எடுத்தேன்.

24-9-61, ஞாயிறு

தரகர் பதில் கேட்டு வந்தார். அந்த நிபந்தனைகளை மறுபடியும் சொல்லச் சொன்னேன். சொன்னார். கால் பிடிப்பது யார் கேட்டது? அப்பா. கட்டு மாற்றுவது? மாமா. சம்பளம்? அம்மா. "பையன் என்ன கேட்டாரு?" என்றேன்.

அழகுமுத்து சிரித்தார். "அவர்கிட்ட யாருங்கம்மா கேட்டா?"

என் பெண்ணின் நாடியிலிருந்து நகம் வரைக்கும் பரீட்சை வைத்தாயிற்று. மாட்டுக்கும் நாய்க்கும் கூட அவள் பதில் சொன்னாள். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

25-9-61

எழுத்துக் கூட்டிப் படித்து நானே பழகிய கை இது. கோணல் இருக்கும். இருக்கட்டும். மாப்பிள்ளைக்கே ஒரு கடிதம் எழுதி இன்றைய தபாலில் போட்டேன். அதன் நகல்:

"தம்பி கணேசமூர்த்தி அவர்களுக்கு, பூரணியின் அம்மா எழுதுவது. முருகன் துணை.

பூரணி இரண்டாம் திகதி கண்டியில் வேலைக்குச் சேருகிறாள். இதை உங்களிடம் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். அவளுக்கு ஆண் நோயாளிகளும் இருப்பார்கள், இரவு வேலையும் இருக்கும். அவள் என்னென்ன படித்திருக்கிறாள் என்று உங்கள் வீட்டார் நேரில் பார்த்துவிட்டார்கள். உங்களுக்கு என்ன தெரியும் என்று எங்களுக்குத் தெரியாது. இரவெல்லாம் வேலை செய்துவிட்டு விடிந்து வருகிறவளுக்குச் சோறு பொங்கி வைக்கத் தெரியுமா? அவள் தூங்கும்போது வீட்டில் சத்தம் போடாதீர்கள் என்று உங்கள் அம்மாவிடம் சொல்ல வாய் வருமா? தெரியாவிட்டால் குற்றமில்லை. கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்று எழுதுங்கள்.

அப்பாவோ மாமாவோ எழுத வேண்டாம். நீங்களே எழுதி, தயவுசெய்து சீக்கிரம் பதில் போடவும்."