ஒஸ்லோவின் சாம்பல் காகம்

என் பிரியமான அண்ணைக்கு,

நீங்கள் இருந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் மறைந்தபோது பயணம் போவதற்கான பேப்பர்கள் எங்களிடம் இல்லை. இப்போது கனடா பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் முதல் பயணமே ஒஸ்லோவுக்குத்தான். அம்மாவையும் கூப்பிட்டேன். ஸ்காபரோவில் எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டின் ஜன்னலோரம் இருந்தபடி, தனக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றார்.

"அவன் ஆரோட இருந்து சாப்பிட்டவன் எண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வா, பிள்ளை."

தொலைபேசியில் எப்போது கேட்டாலும் சாப்பிட்டாயிற்று என்றுதானே சொல்வீர்கள். யாருடன் என்று சொன்னதே இல்லை. தனியே தட்டோடு இருந்தீர்களோ என்பதுதான் அம்மாவின் நெஞ்சில் கிடந்தது.

உங்கள் ஊர் விசித்திரமான ஊர், அண்ணை. அரசனின் மாளிகைக்கு மதில் இல்லை. சனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு முற்றத்தால் நடந்து போகிறார்கள். எங்கள் ஆட்கள் என்றால் அரையடி நிலத்துக்கும் வேலி போட்டு, வழக்கும் போட்டிருப்பார்கள். துறைமுகத்தில் அவித்த இறாலைப் படகில் வைத்தே விற்கிறார்கள். கரையில் குந்தியிருந்து கோது உரித்துத் தின்றேன். நல்ல இறால்தான். ஆனால் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் இல்லாமல் இத்தனை வருடம் எப்படிச் சமாளித்தீர்கள்? வெயில் போகவே மறுக்கும் அந்த மாலைகளில் எப்படி நித்திரை வந்தது?

சனிக்கிழமை உங்கள் எதிர்வீட்டு ஆர்னே மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவர், நீங்கள் மறைந்த செய்தியை எங்களுக்கு அறிவித்த அதே மனிதர். மேசையில் பாணும் மண்ணிறக் கட்டி ஒன்றும் வைத்தார். நான் எங்கள் இனிப்புத் தொதல் என்று நினைத்து, தடிப்பாக ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுவிட்டேன். அது சீஸ், அண்ணை. ஆட்டுப்பால் மணத்தோடு இனிக்கிற சீஸ். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. உன் அண்ணனும் முதல்நாள் இப்படித்தான் வெட்டினான் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

பிறகு பாணில் கொஞ்சம் பிய்த்து, சீஸை மெல்லியதாகச் சீவி மேலே வைத்து, ஜன்னலைத் திறந்து வெளித்தட்டில் வைத்தார். ஒரு காகம் வந்தது. தலையும் சிறகும் கறுப்பு, உடம்பு மட்டும் சாம்பல், கையில்லாத ஸ்வெட்டர் போட்ட மாதிரி. அது கொத்தும்வரை அவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஏன் என்று கேட்டேன். சனிக்கிழமைகளில் நீங்கள் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவீர்களாம். காகத்துக்கு வைக்காமல் நீங்கள் கைவைக்க மாட்டீர்களாம். எங்கள் வீட்டில் அது இறந்தவர்களுக்கு வைப்பது என்று சொன்னீர்களாம். அதனால் இப்போது தான் உங்களுக்காக வைப்பதாகச் சொன்னார், மிகச் சாதாரணமாக.

நான் அழுதுவிட்டேன். அவர் எழும்பிப்போய்க் கோப்பி போட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"காகம் சாப்பிட்டதோ?"

"ஓம் அம்மா. வடிவாச் சாப்பிட்டது."

அன்றைக்கு அம்மா இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

எங்கள் பல்கனியில் பறவைகளுக்குத் தீனி வைக்கக்கூடாதென்று கட்டடக்காரர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். ஒட்டட்டும். அந்த மண்ணிறச் சீஸில் ஒரு கட்டி கொண்டுவந்திருக்கிறேன். வரும் சனிக்கிழமையிலிருந்து இங்கேயும் வைப்போம். ஸ்காபரோக் காகத்துக்கு அது பிடிக்குமோ தெரியாது. நீங்கள் வந்தால் சாப்பிடுவீர்கள்.

நீங்கள் சாப்பிடும்வரை கைவைக்காமல் இருக்கப்போகும்
உங்கள் தங்கச்சி,
வாசுகி